பிடித்த மீனுக்கு ஐஸ் இல்லை, இன்னும் பிடிக்கச் சொல்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தின் இயற்கை வளம் என்று பேச்செடுத்தால் நெல், மீன், நிலாவெளி உப்பு, புல்மோட்டை இல்மனைற் என்ற கனிய மணல் என்று வரிசை வந்துவிடும். கனிய மணல் மணலாகவே கப்பலேறுகிறது என்ற குறையும் கூடவே வரும். நியாயமான குறைதான். ஆனால் மணல் பத்து வருடம் குவிந்து கிடந்தாலும் கெடாது. மீன் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். அதைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை.

பெரிய படகு வேண்டும், ஆழ்கடலுக்குப் போக வேண்டும், பிடிப்பைக் கூட்ட வேண்டும் என்பதே கடற்றொழில் பற்றிய கோரிக்கைகளில் முன்னுக்கு நிற்கிறது. ஏற்கனவே பிடிபடும் மீன் வலையிலிருந்து ஏலத்துக்கு வருவதற்குள் எவ்வளவு மதிப்பை இழக்கிறது என்று பார்த்தால், முதலில் கேட்க வேண்டியது படகு அல்ல, ஐஸ் என்பது விளங்கும்.

மீன் கெடும் வேகத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. செல்சியஸ் வெப்பநிலையைப் பத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். 0 பாகையில் விடை 1. 10 பாகையில் 4. 20 பாகையில் 9. 30 பாகையில் 16. அதாவது படகின் தளத்தில் 30 பாகைச் சூட்டில் ஒரு மணிநேரம் கிடந்த மீன், ஐஸுக்குள் 16 மணிநேரம் இருந்த அளவுக்குக் கெடுகிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே 35 பாகையைத் தொடும் ஊர் இது. காலை ஆறு மணிக்குப் பிடித்துப் பத்து மணிக்குக் கரைக்கு வரும் மீன், ஐஸ் படாமல் இருந்தால், ஐஸில் இரண்டரை நாளுக்கு மேல் கழித்த மீனுக்குச் சமம். "இன்றைக்குப் பிடித்தது" என்று விற்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதில் பயனும் இல்லை.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ மீனை ஒரு பாகை குளிராக்க ஏறத்தாழ 0.8 கிலோகலோரியை வெளியேற்ற வேண்டும். 30 பாகையில் இருக்கும் 100 கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவர 2,400 கிலோகலோரி. அதற்கு 30 கிலோ ஐஸ். பலரும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போட்டால் போதும் என்ற பேச்சு வந்தது இப்படித்தான். அந்த 30 கிலோ மீனைக் குளிராக்குவதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பெட்டிச் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் உள்ளே வரும் சூட்டைத் தின்ன ஐஸ் மிஞ்சாது. வெப்ப நாடுகளில் மீனும் ஐஸும் எடைக்கு எடை என்று சொல்வது இதனால்தான்.

சுவர் வழியாக எவ்வளவு போகும் என்பது பெட்டியைப் பொறுத்தது. 200 லீற்றர் பெட்டி ஒன்றுக்கு நாற்புறமும் அடியும் மூடியும் 5 சென்ரிமீற்றர் காய்ந்த போம் (சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை) இருந்தால், வெளியே 30 பாகை நிழலில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 கிலோ ஐஸ் கரையும். போமின் தடிப்பைப் பாதியாக்கினால் 22, 23 கிலோ. போமே இல்லாத வெறும் ஃபைபர் அல்லது மெல்லிய பலகைப் பெட்டி என்றால் 80 கிலோ வரை போகும். பெட்டிக்குச் செலவழிக்காமல் ஐஸுக்குச் செலவழிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

இதில் கவனிக்காமல் விடப்படும் ஒன்று, ஊறிய போம். ஃபைபர் உறையில் ஒரு வெடிப்பு விழுந்தால், ஆணி அடித்த துளை ஒன்று இருந்தால், ஐஸ் தண்ணீர் அதன் வழியே போமுக்குள் இறங்கும். ஊறிய போம் வெப்பத்தைத் தடுக்காது. வெளியே பார்த்தால் பெட்டி புதிதுபோல இருக்கும். ஐஸ் மட்டும் வழமையைவிட வேகமாக முடியும். வெறும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் வாங்கியபோது இருந்ததைவிடப் பாரமாக இருக்கும். அப்படியென்றால் உறையைத் திறந்து, போமை மாற்றி, மறுபடி ஃபைபர் பூச வேண்டும். மேலே மட்டும் ஒட்டுப் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பூட்டுவதாகும்.

அடுக்குவதிலும் ஒழுங்கு உண்டு. கட்டி ஐஸைப் பெரும் துண்டுகளாக உடைத்துப் போட்டால் கூர்முனை மீனைக் குத்தும், துண்டுகளுக்கு நடுவே காற்று நிற்கும், மீனில் ஐஸ் படும் இடம் குறையும். பெருவிரல் நகத்தளவுக்கு நொறுக்க வேண்டும். அடியில் 5 சென்ரிமீற்றர் ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், ஐஸ், மீன், கடைசியில் மேலே மறுபடி 5 சென்ரிமீற்றர். பக்கச் சுவரில் மீன் முட்டக் கூடாது. சூடு நுழையும் வழி அதுதான். இப்படி அடுக்கினால் 200 லீற்றர் பெட்டியில் 75 கிலோ மீன்தான் கொள்ளும். அதே பெட்டிக்குள் 150 கிலோவைத் திணித்து, மேலே இரண்டு கூடை ஐஸைத் தூவி மூடுவதைத்தான் எங்கும் காண்கிறோம். மேல் வரிசை பளபளக்கும். நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பு.

அடியில் இருக்கும் துவாரத்தை அடைத்து வைப்பது இன்னொரு பிழை. உருகும் தண்ணீர் மீனைக் கழுவிக்கொண்டே வெளியே ஓட வேண்டும். செதிலும் சளியும் துவாரத்தை அடைத்தால் கீழ் வரிசை இரத்தத் தண்ணீரில் ஊறி, மேல் வரிசைக்கு முன்பே நாற ஆரம்பிக்கும். துவாரத்தின் உட்பக்கம் ஒரு துண்டு வலையை வைத்தாலே போதும். நேற்றைய ஐஸில் மிஞ்சியதை இன்றைய மீனுக்குப் போடுவதும் அப்படித்தான்: மிஞ்சியது ஐஸ் மட்டுமல்ல, நேற்றைய அழுக்கும்.

திருகோணமலைக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குகிறது. அதனால் மற்ற ஊர்களில் பலநாள் படகு தேடிப்போகும் கெலவல்லா என்ற மஞ்சள் செட்டைச் சூரையை இங்கே ஒருநாள் படகுகளும் தூண்டிலில் பிடிக்கின்றன. பிடித்த அன்றே கரைக்கு வரும் கெலவல்லாவுக்குத்தான் ஏற்றுமதிச் சந்தையில் நல்ல விலை. ஆனால் இந்த மீன் மற்ற மீனைப் போன்றதல்ல. இதன் இரத்தம் கடல்நீரைவிடச் சூடானது. தூண்டிலில் போராடப் போராட உடம்பு இன்னும் சூடேறும். அந்தச் சூட்டோடு தளத்தில் போட்டால் முதுகெலும்பை ஒட்டிய சதை வெந்ததுபோல வெளிறிப் போகும். வெட்டிப் பார்க்கும் வியாபாரி அதை முதல் தரத்திலிருந்து நேரே கீழே தள்ளிவிடுவார்.

செய்ய வேண்டியது இது. படகில் ஏற்றியவுடன் துடிக்க விடாமல் தலையில் அடித்து அடக்க வேண்டும். ஈரச்சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் கிடத்தினால் அடிபடாது. பக்கச் செட்டைக்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கடை தள்ளி இருபுறமும் கத்தியால் கீறி இரத்தத்தை வடிய விட வேண்டும். பூவையும் (செவுளையும்) குடலையும் எடுத்து, வயிற்றைக் கடல்நீரால் கழுவி, அந்தக் குழிக்குள் நொறுக்கிய ஐஸை நிரப்ப வேண்டும். பிறகு ஐஸும் கடல்நீரும் கலந்த கூழில் முழுதாக மூழ்க விட வேண்டும். 30 கிலோ மீனின் நடுச்சதை குளிர எட்டு மணிநேரத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே பெட்டி மீனைவிட நீளமாக இருப்பது அவசியம். ஒருநாள் படகுகளில் தலை ஐஸுக்குள்ளும் வால் வெயிலுக்குள்ளுமாக வரும் மீனை எத்தனை தடவை பார்த்திருப்போம்!

சூரை, கெலவல்லா, கும்பளா இனங்களில் இன்னொரு ஆபத்து, ஹிஸ்டமின். சூட்டில் கிடக்கும்போது இந்த மீன்களின் சதையில் பக்ரீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடிக்கும். பலர் இதை "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் போகாது, பிறகு ஐஸ் போட்டாலும் போகாது. முதல் ஆறு மணிநேரத்துக்குள் ஐஸுக்குள் போயிருக்க வேண்டும். பொழுதுபட விரித்து விடியற்காலையில் இழுக்கும் செவுள்வலையில், முன்னிரவில் சிக்கிச் செத்த மீன் 28, 29 பாகைக் கடல்நீரில் எட்டுப் பத்து மணிநேரம் கிடக்கிறது. படகில் ஏறும் முன்பே அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் ஒருமுறை வலையை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி விரிப்பது கடும் வேலை, தெரியும். குறைந்தது, இழுக்கும்போது விறைத்துச் சாயம் போன மீனை வேறாகவும் உயிரோடு வந்ததை வேறாகவும் போட்டால், கெட்டது நல்லதின் விலையைக் கெடுக்காது.

கரைவலையின் பிரச்சினை வேறு. குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்தில் வலையின் மடி நிறையக் கீரி மீனோ சாளையோ ஏறிவிட்டால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கிலோ. அதை வரிசையாக அடுக்க யாராலும் முடியாது. தீன் நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட கீரி இரண்டு மூன்று மணிநேரத்தில் வயிறு வெடிக்கும். அதன் குடலில் உள்ள நொதியே சுவரைத் தின்றுவிடும். இதற்கு ஏற்றது குளிர்நீர்த் தொட்டி: 100 கிலோ மீனுக்கு 30 லீற்றர் கடல்நீர், 60 கிலோ நொறுக்கிய ஐஸ். முதலில் தண்ணீரையும் ஐஸையும் கலந்து குளிர விட்ட பிறகே மீனைக் கொட்ட வேண்டும். மீன் நெருங்கிக் கிடக்கும் அடிப்பக்கத்தில் சூடு தங்கிவிடும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை பலகையால் மெதுவாகக் கிளற வேண்டும். தண்ணீரை அலைக்கு அப்பால் அள்ள வேண்டும். மீன் கழுவும் துறையில் அள்ளினால் குளிர்ந்த சாக்கடைக்குள் மீனைப் போட்டதாகும். ஒரு நாளுக்கு மேல் இந்தத் தண்ணீரில் விடவும் கூடாது. உப்பு ஏறும், நிறம் மங்கும்.

இதெல்லாம் தொழிலாளிக்குத் தெரியாததா? பெரும்பாலும் தெரியும். பயிற்சி வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஏல இடத்தில் ஒரு காலை நின்று பார்க்க வேண்டும். ஐஸ் போட்டுக் கொண்டுவந்த மீனும் போடாமல் கொண்டுவந்த மீனும் ஒரே சீமெந்துத் தரையில் குவிகின்றன. ஒரே விலை கூறப்படுகிறது. ஐஸுக்குக் காசு கொடுத்தவன், அதற்காகப் படகில் இடம் விட்டவன், அந்தப் பாரத்துக்கும் எண்ணெய் எரித்தவன், மற்றவனைவிட ஒரு ரூபா கூடக் காணாமல் வீட்டுக்குப் போகிறான். முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்தால் ஏலமும் இல்லை. அவர் சொன்னதே விலை. ஐஸ் போடாமல் விடுவது சோம்பல் அல்ல, கணக்கு.

வாங்கும் நம்மிடமும் பிழை இருக்கிறது. "ஐஸ் மீன் வேண்டாம், பச்சை மீன் இருந்தால் தாங்கோ" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. அதற்குப் பயந்து, ஐஸிலிருந்து எடுத்த மீனைத் துடைத்து வெயிலில் பரப்பி வைக்கும் வியாபாரிகளும் உண்டு. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஊருக்குள் விற்பவர் ஐஸைக் கண்ணில் காட்டாமல் விற்கப் பழகியது நம்மால்தான். பார்க்க வேண்டியது பூவின் சிவப்பையும், கண் குழி விழாமல் நிற்பதையும், விரலால் அமுக்கிய பள்ளம் உடனே மேலே வருவதையும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. மண்ணெண்ணெயில் வெளியிணைப்பு மோட்டாரை ஓட்டும் சிறு படகுகள் பல கரையிலேயே நின்றன. அப்படிச் செலவு ஏறும்போது தொழிலாளி என்ன செய்வான்? பிடித்ததில் விலை கிடைக்காவிட்டால் பிடிப்பின் அளவைக் கூட்டப் பார்ப்பான். வலைக்கண் சிறுக்கிறது, குஞ்சு மீனும் ஏறுகிறது. இன்னும் மோசமானது டைனமைட். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடிபொருளைத் தடை செய்திருந்தும் இந்தக் கடலில் அந்தச் சத்தம் ஓயவில்லை. வெடியில் செத்த மீனுக்கு முள்ளந்தண்டு முறிந்து, காற்றுப்பை கிழிந்து, வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும். மற்ற மீனைவிட வேகமாக அது கெடும். தரம் பிரித்து வாங்கும் ஏலத்தில் அதற்கு இடமே கிடைக்காது. கடலில் துரத்திப் பிடிப்பதைவிடத் தராசடியில் தடுப்பது சுலபம்.

கருவாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐஸ் இல்லாத மீன் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். கெட்ட மீனில் நல்ல கருவாடு வராது. மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்பது வழமை. உப்பு இப்போது பாத்தியிலிருந்து வாரிய புது உப்பாக இருந்தால் கருவாடு கசக்கும், மாரி தொடங்கியதும் தண்ணீர் விடும். காரணம் அதில் உள்ள மக்னீசிய உப்பு. உப்பளத்தில் நீர் 25 பாகை போமேயில் (உப்புநீரின் செறிவை அளக்கும் அளவு) உப்பாக உறையத் தொடங்கும். 29, 30 தாண்டியும் கழிவு நீரை வடிக்காமல் வைத்திருந்தால் மக்னீசியமும் சேர்ந்துவிடும். சில மாதம் குவித்து வைத்துக் கசிய விட்ட பழைய உப்பே கருவாட்டுக்கு நல்லது. கச்சான் நாட்களில் உச்சி வெயிலில் பரப்பினால் வெளிப்பக்கம் ஓடுபோல் இறுகி உள்ஈரம் அடைபட்டுப் போகும். பத்து நாளில் உள்ளே பூசணம். காலையிலும் பின்னேரத்திலும் காய விட்டு, நடுப்பகலில் நிழலுக்கு எடுத்து, இரவில் பாரம் வைத்து அமுக்கினால் உள்ஈரம் வெளியே வரும். மணலில் பரப்பாமல் ஒரு மீற்றர் உயரத்தில் வலைத்தட்டில் போட்டால் கீழிருந்தும் காற்றுப் பிடிக்கும், பல்லில் மணலும் கடிபடாது.

கடற்றொழில் திணைக்களத்திடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் கேட்பது பெரிய திட்டமல்ல. மீன் இறங்கும் ஒவ்வொரு துறையிலும் ஐஸ் நொறுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கட்டும். நொறுக்கிய ஐஸைக் கிலோ கணக்கில் நிறுத்து விற்கட்டும். புல்மோட்டையிலிருந்து நகரம் ஏறத்தாழ 55 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் சாக்குச் சுற்றிய கட்டியாக ஐஸ் வந்தால் கால்வாசி தெருவிலேயே போய்விடும். ஆகவே ஆலை இல்லாத துறைக்கு ஐஸ் சேமிக்கும் தடித்த பெட்டியும் வேண்டும். சிறு படகுக்கு 200 லீற்றர், 5 சென்ரிமீற்றர் போம் பெட்டியைச் சங்கம் தவணைக் கடனில் கொடுக்கலாம். என்ஜினுக்குக் கடன் கொடுக்கிறோம்தானே. இறங்கு துறையில் கூரை, சாய்வான சீமெந்துத் தரை, கழுவ நல்ல தண்ணீர் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஏலத்தை இரண்டு வரிசையாக்க வேண்டும். இதற்குக் கட்டடமும் தேவையில்லை, ஒதுக்கீடும் தேவையில்லை. ஊசிபோல் குத்தும் வெப்பமானி ஒன்று போதும். பெரிய மீனில் முதுகெலும்பை ஒட்டிய தடித்த சதையிலும், சிறு மீனில் பெட்டியின் நடுவிலும் குத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் எண் தெரியும். 4 பாகைக்குக் கீழே இருப்பது முதல் வரிசை, மற்றது அடுத்த வரிசை. கரைக்கு வரும்போது மேலே மட்டும் ஐஸைத் தூவிக் கொண்டுவருபவரையும் அந்த ஊசி காட்டிக் கொடுத்துவிடும். குத்துபவர் வாங்குபவரின் ஆளாகவும் இருக்கக் கூடாது, விற்பவரின் ஆளாகவும் இருக்கக் கூடாது. சங்கம் நியமித்தவராக, ஒவ்வொரு மாதமும் மாறுபவராக இருக்க வேண்டும். ஊசியை அவ்வப்போது ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் கிழமையிலேயே சண்டை வரும்.

வாடைக்காற்று அடங்கி, பங்குனி, சித்திரையில் வெளியூர்ப் படகுகளும் வந்து வாடி (தற்காலிகக் குடில்) போட்ட பிறகு இதைத் தொடங்க முடியாது; அந்த நெரிசலில் யாரும் நின்று குத்திப் பார்க்க மாட்டார்கள். கடல் கொந்தளித்துப் பெரும்பாலான படகுகள் கரையில் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில் ஒரே ஒரு துறையிலாவது இரண்டு வரிசை ஏலத்தைப் பழகிப் பார்க்கச் சம்பந்தப்பட்டவர்கள் முன்வர வேண்டும். கிண்ணியாவோ குச்சவெளியோ, எங்கு தொடங்கினாலும் சரி.

இப்படிக்கு,
கடற்றொழில் அறிந்த வாசகர்கள்,
திருகோணமலை.